ஊர் எது, பிறந்தது எங்கே

யோகராணி முப்பது வருஷத்துக்கு மேல் அகதியாக இருந்தாள். இதில் வேடிக்கை என்னவென்றால், சட்டப்படி அவள் ஒரு நாள்கூட அகதி இல்லை.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் சிலோனில் ஓமந்தையிலிருந்து தப்பி, படகேறி ராமேசுவரத்தில் இறங்கியபோது அவள் அம்மாவின் வயிற்றில் இருந்தாள். மண்டபம் முகாமில் இடம் கிடைத்தது. கொஞ்ச நாளில் ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தாள். அது எண்பத்தைந்தாம் வருஷம். அன்றைய சட்டப்படி இந்திய மண்ணில் பிறந்த குழந்தை, யார் பெற்றிருந்தாலும் இந்தியக் குழந்தைதான். எண்பத்தேழு ஜூலையில்தான் அது மாறியது. ஆனால் இதையெல்லாம் அவள் அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. முகாமில் பெயர் பதிய வந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ஊர்?" என்றார். அப்பா "ஓமந்தை" என்றார். வேறென்ன சொல்வார்? அவருக்கும் மனைவிக்கும் கைக்குழந்தைக்கும் சேர்த்துப் பிறந்த இடம் ஓமந்தை என்று எழுதியாயிற்று. குழந்தை அப்போது பால் குடித்துக்கொண்டிருந்ததால் மறுத்துப் பேசவில்லை.

அந்த ஒரு சொல் அவளை விடவே இல்லை. மண்டபத்திலிருந்து பவானிசாகர் முகாமுக்குக் கூடவே வந்தது. பள்ளிக்கூடத்துக்கு வந்தது. நர்ஸிங் படிக்க ஆசைப்பட்டபோது கல்லூரி வாசல்வரை வந்து, சிலோன் பிள்ளைக்கு இங்கே இடமில்லை என்று கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிவந்தது. ஓமந்தையை அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் யாராவது ஊர் எது என்று கேட்டால் அதுதான் வாயில் வரும். முகாமில் பிறந்த பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான். பார்க்காத ஊரின் குளம் எந்தப் பக்கம், கோயில் எந்தப் பக்கம் என்று வழி சொல்வார்கள். முகாம் ஒரு ஊர் ஆகுமா? ஆஸ்பத்திரி ஒரு ஊர் ஆகுமா? ஊர் என்றால் அப்பா விட்டுவந்த இடம். அதை மாற்றிச் சொன்னால் அப்பாவையே மாற்றிச் சொன்னது போல.

பவானிசாகரிலிருந்து திம்பம் மலையேறி இறங்கினால் சாமராஜநகர், அதைத் தாண்டினால் மைசூர். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு யோகராணி மைசூருக்கு வேலைக்கு வந்தாள். ஆனால் மாதாமாதம் தணிக்கை நாளில் முகாமில் தலை காட்ட வேண்டும். அதற்காக லீவு போட்டுவிட்டு பஸ் ஏறுவாள். தொழிற்சாலை பஸ்ஸை ஓட்டிய பழனி இதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறான். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவன், கொள்ளேகால் பக்கத்துத் தமிழ் பேசுகிறவன். ஒரு நாள் கேட்டேவிட்டான்.

"ஏனுங்க, மாசா மாசம் சத்தியமங்கலம் பக்கம் போறீங்களே, பண்ணாரியம்மனுக்கு ஏதாச்சும் வேண்டுதலுங்களா?"

"அம்மனுக்கில்ல. அரசாங்கத்துக்கு" என்று சொல்லி, தான் யார் என்பதையும் சொன்னாள். இதோடு ஆள் ஒதுங்கிவிடுவான் என்று நினைத்தாள். அவனோ, "அப்ப அடுத்த மாசம் நானும் கூட வர்றனுங்க. தனியா எதுக்கு அத்தனை வளைவு சுத்தறீங்க?" என்றான். அப்படிக் கூட வந்தவன்தான், இன்றைக்கும் கூடவே இருக்கிறான்.

அவள் குடிமகள் என்பது அவளுக்குத் தெரியவந்தது தற்செயலாக. ஈரோட்டில் ஒரு கூட்டம். முகாம்காரர்களுக்குச் சட்டம் சொல்ல ஒரு வக்கீல் அம்மாள் வந்திருந்தார். தங்கையின் பிரச்சினையைக் கேட்கத்தான் யோகராணி போனாள். பேச்சுவாக்கில் அந்த அம்மாள், "நீங்க எப்ப பிறந்தீங்க? எங்க?" என்று கேட்டார். சொன்னாள். "பிறகென்ன, நீங்க இந்தியர்தானே" என்றார் அவர், காப்பி ஆறுகிறது குடியுங்கள் என்கிற தொனியில். யோகராணிக்குச் சந்தோஷம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது நர்ஸிங் கல்லூரியின் வாசல்.

அதற்குப் பிறகும் எல்லாம் உடனே நடந்துவிடவில்லை. பாஸ்போர்ட் கேட்டு விண்ணப்பித்தாள்; அந்த விசாரணையில் ஓர் அதிகாரி "ஊர் எது?" என்று கேட்க, பழக்க தோஷத்தில் "ஓமந்தை" என்று சொல்லித் தொலைத்தாள். பார், தன் வாயாலேயே ஒப்புக்கொண்டாள் என்று எழுதிவிட்டார்கள். நீதிமன்றம் போய் அந்த ஒரு சொல்லைத் திருப்பி எடுக்க இரண்டு வருஷம் ஆயிற்று.

தன் காரியம் முடிந்ததும் பேசாமல் வீட்டில் இருந்திருக்கலாம். அவள் சுபாவம் அதற்கு ஒத்துவரவில்லை. தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வாரம் முழுக்க வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் முகாம், கூட்டம், மனு. கோணல் தையலைக் கண்டால் பிரிக்காமல் விடாத கை, கோணல் எழுத்தைக் கண்டால் மட்டும் விடுமா? அவள் கேட்பதில் பெரிய கேள்வியும் உண்டு, சின்னக் கேள்வியும் உண்டு. எண்பத்தேழுக்குப் பிறகு முகாமில் பிறந்தவர்களுக்கு என்ன வழி என்பது பெரியது. அவள் தங்கையே அந்தக் கணக்கில்தான் வருகிறாள். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. சின்னது இதுதான்: ஊர் எது என்பதையும் பிறந்தது எங்கே என்பதையும் தனித்தனியாகக் கேளுங்கள். பெங்களூரில் மேடையேறிச் சொல்லியிருக்கிறாள், மைசூரில் கல்லூரிப் பிள்ளைகளிடம் கன்னடத்தில் சொல்லியிருக்கிறாள். கேட்பவர்கள், இது ஒரு கோரிக்கையா என்கிற மாதிரி பார்ப்பார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அடுத்த மனுவை நீட்டுவாள்.

இப்போது மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனி பஸ் ஓட்டும் பழனி, போன வருஷம் ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே சொன்னான்.

"ராணி, நம்ம பஸ்ல ஒருத்தன் போன்ல உன்ற பாஷை பேசறான். ஓம் அம்மா, ஓம் அம்மாங்கறான். பஸ்ஸுல அத்தனை பேருகிட்டயும் ராமநாதபுரத்துக்காரன்னு சொல்லி வெச்சிருக்கான், கள்ளன்."

"பேரென்ன?"

"சுரேந்திரன். சுரேந்தர், சுரேந்தர்னு கூப்புடுவாங்க. லேத்துல வேலை. நல்ல பையன்தான்."

பையன் என்றால் நாற்பதை நெருங்கிய பையன். பழனி கூப்பிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி வைஷாலியோடு வந்து யோகராணி வீட்டில் உட்கார்ந்தான். முதலில் எல்லாவற்றையும் மறுத்தான். யோகராணி வாதாடவில்லை. "சாப்பிட்டனீங்களோ?" என்று மட்டும் கேட்டாள். எத்தனையோ வருஷமாக மைசூரில் யாரும் அவனை அந்தத் தமிழில் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. மனுஷன் உடைந்துபோனான்.

அவன் கதை புதிதல்ல. பெற்றோர் கொக்கிளாயிலிருந்து வந்தவர்கள். அப்பா முகாமிலேயே செத்துப்போனார். யுத்தம் முடிந்து ஊருக்குள் ஆட்களை விட்டதும் அம்மா, அக்காவோடு திரும்பிப் போய்விட்டாள். இவனுக்கு இங்கே வைஷாலி, மகள் தாரணி, வேலை. முகாமில் சொல்லாமல் வெளியே வந்து மைசூரில் ஒண்டிக்கொண்டவன், பயந்து பயந்து வாய் திறக்காமல் வாழ்ந்துவிட்டான். இப்போது அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறாள். போன் செய்கிற போதெல்லாம் ஒரே கேள்வி: எப்ப வாறாய்? அகதி அங்கே போகலாம், தடையில்லை. ஆனால் போனால் போனதுதான், திரும்பி வரும் வழி கிடையாது. அம்மாவா, பெண்டாட்டி பிள்ளையா என்று ஒருவனை நிறுத்தி வைத்துக் கேட்பது எவ்வளவு பெரிய கொடுமை!

"எந்த வருஷம் பிறந்தனீங்கள், தம்பி?"

"எண்பத்தாறு அக்கா. மாசி மாசம்."

"எங்க?"

"ராமநாதபுரம் ஆஸ்பத்திரி."

யோகராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இத்தனை வருஷம் ஊரெல்லாம் பொய் சொல்றதா நினைச்சுக்கொண்டு உண்மையைச் சொல்லிக்கொண்டு திரிஞ்சிருக்கிறீங்கள்!"

விளக்கிச் சொன்னபோது அவன் நம்பவில்லை. நம்பியதும் கோபம் வந்தது. இதை ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை என்று அவளிடமே கத்தினான். அந்தக் கோபத்தை அவள் நன்றாக அறிவாள். கத்தி முடிக்கட்டும் என்று காத்திருந்து, இன்னொரு டம்ளர் காப்பி கொடுத்தாள்.

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார்கள். எதிர்பார்த்த இடத்தில் முட்டிக்கொண்டது. பிறப்புச் சான்றிதழில் ராமநாதபுரம், பழைய அகதி அட்டையில் கொக்கிளாய். நேரில் வந்து விளக்கம் சொல்லவும் என்று மைசூரிலேயே ஓர் அலுவலகத்திலிருந்து தாக்கீது வந்தது. விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் அனுமதியில்லாமல் வெளியே தங்கியிருக்கும் வெளிநாட்டவர் என்று கருதப்பட்டு முகாமுக்குத் திருப்பி அனுப்பப்படுவீர்கள் என்று கீழே ஒரு வரி.

வைஷாலி அந்த வரியைப் படித்துவிட்டு ஓடிவந்தாள். "அக்கா, அத்தையைப் பாக்கப் போயி இருக்கறதும் போயிடுமா? சும்மா இருந்தவரைக் கிளப்பி விட்டுட்டோமோ?" அவள் யோகராணியைக் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து யோகராணிக்குச் சோறு இறங்கவில்லை. பதுங்கியே இருந்தவனை வெளிச்சத்துக்கு இழுத்து வந்தது அவள்தானே. தோற்றால் அவனுக்கு அம்மாவும் இல்லை, மைசூரும் இல்லை.

அதனால் விழுந்து விழுந்து பயிற்சி கொடுத்தாள். தனக்கு நடந்ததைச் சொல்லி, ஊர் எது என்று எவன் கேட்டாலும் ராமநாதபுரம் என்று சொல்ல வேண்டும் என்று தலைகீழ்ப் பாடமாக்கினாள். பழனியும் சேர்ந்துகொண்டான். சிக்னலில் பஸ் நிற்கும்போது திடீரென்று கண்ணாடியைப் பார்த்து, "சுரேந்தர், நிம்ம ஊரு யாவுது?" என்று கன்னடத்தில் அதட்டுவான். பின் சீட்டிலிருந்து "ராமநாதபுரம்!" என்று டாண் என்று பதில் வரும். ஒரு தரம்கூடப் பிசகவில்லை. மற்ற தொழிலாளிகளுக்குத்தான் இவர்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தோன்றியிருக்கும். யோகராணி கொஞ்சம் மூச்சு விட்டாள்.

விசாரணை அதிகாரியின் பெயர் ஸ்ரீவத்ஸன். நெற்றியில் மெல்லிய திருமண், மேசையில் ஒரு தூசி இல்லை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்கிற மனிதர், அதுவே சில சமயம் வேறு மாதிரி பயம். யோகராணியைப் பார்த்து, "நீங்கள் கூட வந்தவர். உட்காரலாம், பேசக் கூடாது" என்று கன்னடத்தில் சொன்னார். பிறகு சுரேந்தரைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்:

"இங்கே நீங்கள் சொல்வது எல்லாம் பதிவாகும். பயப்பட வேண்டாம். மனசாட்சிப்படி உண்மையை மட்டும் சொல்லுங்கள்."

"சரி சார்."

"நிம்ம ஊரு யாவுது?"

சுரேந்தர் யோகராணியைப் பார்த்தான்.

"கொக்கிளாய், சார்" என்றான்.

என்ன நடந்தது என்று யோகராணிக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. பஸ்ஸிலும் கடையிலும் ராமநாதபுரம் என்று எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்வான், ஏனென்றால் அவன் மனதில் அது பொய். உண்மையைச் சொல் என்று ஒருவர் மரியாதையாகக் கேட்டுவிட்டார். அவனிடம் இருந்த ஒரே உண்மை கொக்கிளாய்தான். இவள் அவனுக்கு உண்மையையே ஒரு பொய்யைப் போலப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அது எப்படி அங்கே நிற்கும்?

பக்கத்தில் தட்டச்சுக்காரரின் விரல்கள் ஓடத் தொடங்கின. வாசலுக்கு வெளியே பெஞ்சில் வைஷாலி உட்கார்ந்திருப்பது கதவிடுக்கில் தெரிந்தது. போயிற்று, எல்லாம் போயிற்று என்று யோகராணி நினைத்தாள். அப்புறம் கோபம் வந்தது. சுரேந்தர் மேல் இல்லை, தன் மேலும் இல்லை, முப்பது நாற்பது வருஷமாக நிமிர்ந்து பார்க்காமல் கேட்கப்படும் அந்த ஒரு சொல்லின் மேல். எழுந்து நின்றுவிட்டாள்.

"சார், நிம்ம ஊரு யாவுது?"

ஸ்ரீவத்ஸன் நிமிர்ந்தார். "நான் உங்களைப் பேசக் கூடாது என்று சொன்னேன்."

"தெரியும் சார். வெளியே போகச் சொன்னால் போய்விடுகிறேன். இதை மட்டும் சொல்லுங்கள். உங்கள் ஊர் எது?"

"மேல்கோட்டே" என்றார் அவர் எரிச்சலாக. "அதற்கென்ன இப்போது?"

"அங்கேதான் பிறந்தீர்களா?"

"இல்லை, இங்கேதான். மைசூர்..." என்று சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் நின்றார்.

தட்டச்சும் நின்றது. ஸ்ரீவத்ஸன் கண்ணாடியைக் கழற்றி, அதைத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். யோகராணி யோசித்து வந்து கேட்ட கேள்வி இல்லை அது. உட்கார்ந்துவிட்டாள்.

அவர் பேசியபோது கன்னடத்தை விட்டுவிட்டுத் தமிழில் பேசினார். "எங்காத்துலயும் தமிழ்தான் பேசுவோம். எங்கப்பாவே மைசூர்லதான் பொறந்தார். வருஷத்துக்கு ஒரு தரம் அங்க பெருமாள் கோயில்ல வைரமுடி சேவைக்குப் போவோம், விடிஞ்சா திரும்பிடுவோம். அங்க எங்களுக்கு ஒரு சுவர்கூட இல்லை. இருந்தாலும் ஊர் எதுன்னா மேல்கோட்டைன்னுதான் சொல்லுவேன். என் பொண்ணும் அதைத்தான் சொல்றா." பிறகு சுரேந்தரிடம், "சார், நான் கேட்டதுதான் சரியில்லை. நீங்க பொறந்தது எங்க?" என்றார்.

"ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி சார். எண்பத்தாறு மாசி."

"இது மனசாட்சிப்படி?"

"மனசாட்சிப்படி சார். அம்மா சொல்லியிருக்கிறா, காலம் தப்பின மழை பெய்ஞ்சு பிரசவ வார்டுல தண்ணி ஒழுகினதாம். சட்டிய வெச்சுப் பிடிச்சவங்களாம்."

"சட்டி வேண்டாம்" என்றார் ஸ்ரீவத்ஸன் தட்டச்சுக்காரரிடம். "மற்றதை எழுதுங்கள்."

வெளியே வந்ததும் வைஷாலியிடம் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகங்களைப் பார்த்தே அழுதுவிட்டாள். யோகராணி மட்டும், இருங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே போனாள். கைப்பையில் எப்போதும் இருக்கும் மனு ஒன்றை எடுத்து ஸ்ரீவத்ஸன் மேசையில் வைத்தாள். இரண்டு கேள்வியையும் தனித்தனியாகக் கேட்கச் சொல்லும் அதே மனு. அவர் அதைப் படித்தார், அவளைப் பார்த்தார். "மேலிடத்துக்கு அனுப்புகிறேன். ஒன்றும் வாக்குக் கொடுக்க முடியாது" என்றார். வாக்குக் கொடுத்துவிட்டு மறந்தவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இந்தப் பதில் பரவாயில்லை என்று பட்டது. அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

பாஸ்போர்ட் தை மாசத்தில் வந்தது. வீசாவுக்கு எழுதிப்போட்டு, மாசி பிறந்ததும் சுரேந்தர் பெங்களூரில் விமானம் ஏறினான். இந்தியன் என்று எழுதிய புத்தகத்தைக் காட்டித்தான் கொக்கிளாய்க்குப் போக முடிந்தது. கொக்கிளாய் நான் பிறந்த இடம் இல்லை என்று எழுதிக் கொடுத்தவனுக்குத்தான் கொக்கிளாய் கிடைத்தது. இதை நினைத்துச் சிரிப்பதா, வயிறெரிவதா என்று யோகராணிக்கு இன்றைக்கும் தெரியாது.

போன மறுநாள் மத்தியானம் அவள் போனில் சுரேந்தரின் முகம் வந்தது. பின்னால் தகரக் கூரை, அதற்குப் பின்னால் களப்பு என்று அங்கே சொல்கிற காயலின் தண்ணீர் பளபளத்தது. "அக்கா, அம்மா உங்களோட கதைக்க வேணுமாம்" என்று போனைக் கட்டிலுக்குக் கொண்டுபோனான். ஒடுங்கிப்போன முகம். மகனின் மணிக்கட்டை ஒரு கை இறுகப் பிடித்திருந்தது.

"பிள்ளை, நீதானோ யோகராணி?"

"ஓம் அம்மா."

"நல்லா இரு. ஒண்டு கேக்கிறன், கோவிக்காத. இவனை நான் திருப்பி அனுப்பத்தான் வேணுமோ?"

யோகராணி எத்தனை மேடையில் பேசியிருப்பாள், இந்தக் கேள்விக்கு எங்கும் தயார் செய்ததில்லை.

"அனுப்புங்கோ அம்மா. இங்க அவருக்குப் பிள்ளை இருக்கு. இனி பயமில்லை, அவர் உங்களிட்டத் திரும்ப வரலாம்."

"திரும்ப எண்டால்?"

"எத்தனை தரம் வேணுமெண்டாலும்."

அம்மா அதை நம்புவதா என்று மகனின் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. பிறகு அவள், போன் இருப்பதையே மறந்துவிட்டு, மகனிடம் ஒரு சாதாரண விஷயம் பேசுகிறவள் போலச் சொன்னாள்:

"அப்ப வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வருது. அதுக்கு வா. அவளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா."

யோகராணி போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். சாப்பிட வந்த பழனி பதறிப்போனான்.

"என்னாச்சு ராணி? அங்க புடிச்சு வெச்சிட்டாங்களா?"

"இல்லீங்க" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "பொங்கலுக்குக் கூப்பிட்டிருக்காங்க."